நூல் பிடித்து வந்த பள்ளிக்கூடம்

அந்தப் பெண்ணின் நோட்டில் முதல் பக்கத்தில் ஒரு வாஷ் கேர் லேபிள் ஒட்டியிருந்தது. இரண்டு விரல் அகலம், வெள்ளை சாட்டின், கறுப்பு அச்சு. மேலே ‘ஹண்ட்ரட் பர்சென்ட் காட்டன்’, அதன் கீழே ‘டூ நாட் பிளீச்’, கடைசி வரியில் ‘மேட் இன் இந்தியா’. ஒவ்வொரு வரிக்கும் எதிரே பென்சிலால் உச்சரிப்பைத் தமிழில் எழுதி, அதற்குப் பக்கத்தில் பொருளும் எழுதியிருந்தாள். பிளீச் என்பதற்குப் பொருள் எழுதவில்லை. திருப்பூரில் அதற்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. ‘டூ நாட் டம்பிள் டிரை’ என்ற வரிக்கு எதிரே ஒரு பெரிய கேள்விக்குறி. வெயில் கொட்டிக் கிடக்கிற ஊரில், துணியை எந்திரத்துக்குள் போட்டு உருட்டி உலர்த்துவார்கள் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் நிற்கிறாள். சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். ஒரு நாளில் அவள் கை தொட்டுப் புரட்டும் பீஸ்கள் ஒவ்வொன்றிலும் மெயின் லேபிள், சைஸ் லேபிள், வாஷ் கேர் லேபிள் என்று மூன்று சீட்டு ஆங்கிலம் இருக்கிறது. பள்ளியில் படித்த ஆங்கிலத்தைவிட அதிக ஆங்கிலம் அவள் விரல்களைக் கடந்து போயிருக்கிறது. அதைப் பாடமாக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தவர் வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் இளம்பெண். படிப்பை முடித்த கையோடு தொண்டு செய்ய வந்தவர். ஷிப்ட் முடிந்து வரும் பெண்களுக்கு விடுதிக் கூடத்தில் ஆறு வாரம் இரவு வகுப்பு எடுத்தார். பிறகு ஊருக்குப் போய்விட்டார்.

“அந்தக்கா திரும்ப வருவாவளா?” என்று நோட்டை மூடிக்கொண்டே கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்வருகிற எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை. கடல் கடந்து ஒரு பெண் வந்து நம் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது என்ற வழக்கம் எங்கே பிறந்தது? தேடிப் போனால், நூல் தெற்கே போகிறது. இவள் ஊரையும் தாண்டி, நாகர்கோவிலுக்கு.

1818இல் லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்ல்ஸ் மீட் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு முன்பே, 1806 முதல் 1816 வரை, ரிங்கல்தௌபே மயிலாடியை மையமாக வைத்து வேலை செய்துவிட்டுப் போயிருந்தார். திருவிதாங்கூரை ஆண்ட ராணி கௌரி பார்வதி பாய், பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோ சொல்லி, மிஷனுக்கு ஒரு பங்களாவும் வயல் வாங்க 5,000 ரூபாயும் கொடுத்தார். 1819 டிசம்பரில் இன்னொரு தம்பதி வந்து சேர்ந்தார்கள்: சார்ல்ஸ் மால்ட், மார்த்தா மால்ட். மீட்டின் மனைவி மீட் அம்மையாரும் மார்த்தாவும் சேர்ந்து பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார்கள்.

தொடங்கினார்கள் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். பிள்ளைகள் வர வேண்டுமே! அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்றால் ஊர் நினைவில் வருவது கோவில் ஆட்டக்காரிதான். குடும்பத்துப் பெண்ணுக்கு எழுத்து என்பது அவமானமாகவே பட்டது. அதைவிடப் பெரிய தடை வயிறு. பனையேறிக் குடும்பங்களில் ஆண் மரமேறினால் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவது பெண்கள் வேலை. விறகு பொறுக்க, தண்ணீர் சுமக்க, தம்பியை இடுப்பில் வைத்துக்கொள்ளப் பெண்பிள்ளை வேண்டும். ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது ஒரு கூலியாளை இழப்பது. படிப்பின் அருமையை எடுத்துச் சொன்னால் பெற்றோர் மனம் மாறிவிடும் என்று இப்போதும் பலர் நம்புகிறார்கள். அருமை தெரியாமல் யாரும் பிள்ளையை நிறுத்துவதில்லை. கணக்குப் பார்த்துத்தான் நிறுத்துகிறார்கள்.

அந்தக் கணக்குக்கு மார்த்தா இரண்டு விடை வைத்திருந்தார். ஒன்று விடுதி. பிள்ளை பள்ளியிலேயே தங்கும், உண்ணும், உடுத்தும். இன்னொன்று லேஸ்.

இன்று கடைகளில் முழம் போட்டு வாங்குகிற எந்திர லேஸ் அல்ல அது. உருண்டையான கெட்டித் திண்டு ஒன்றை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அதன்மேல், ஊசியால் துளையிட்டுக் கோலம் குறித்த தோல்தாள் ஒன்றைப் பொருத்துவார்கள். துளைதோறும் குண்டூசி. நூல் சுற்றிய சிறு சிறு குச்சிகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். ஒரு ஜோடியை இன்னொரு ஜோடிமேல் போட்டு, முறுக்கி, ஊசியைச் சுற்றிவர இழுத்தால் ஒரு கண்ணி. இப்படியே கண்ணி கண்ணியாக விரல் அகலத்துக்கு ஒரு பூ விழ நேரம் பிடிக்கும். ஒரு ஜோடி மாறினால் தவறிய இடம்வரை பிரிக்க வேண்டும். குச்சிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தத்தைத் தவிர அறையில் வேறு சத்தம் இருக்காது. ஐரோப்பியப் பெண்கள் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். பள்ளிக்கு வருமானம், பிள்ளைக்கும் கூலி.

வீட்டார் வாய் அடைத்தது அங்கேதான். படிக்கிற பிள்ளை சம்பாதிக்கவும் செய்கிறது என்றால் யார் தடுப்பார்கள்? ஆனால் அந்தக் காசு அதைவிடப் பெரிய ஒரு காரியமும் செய்தது. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் சட்டப்படி முழுதாக ஒழிந்தது. அதற்கு முன்னால், பள்ளிக்கு வந்த அடிமைப் பிள்ளைகளில் சிலர் லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்துத் தங்கள் விலையைத் தாங்களே கட்டி விடுதலை வாங்கியிருக்கிறார்கள். நினைத்துப் பார்க்கவே உடல் சிலிர்க்கிறது. ஒரு சிறுமி தன் விரலால் முடிந்த நூலை விற்றுத் தன்னை மீட்டுக்கொண்டிருக்கிறாள்!

அதே பிள்ளைகள் உடுத்திய தையல் சட்டைக்கும் ஒரு கதை உண்டு. நாடார் பெண்களும் அவர்களினும் தாழ்த்தப்பட்ட பெண்களும் மார்பை மூடக் கூடாது என்பது அந்நாட்டு வழக்கம். கிறித்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் என்ற சட்டை அணியலாம் என்று 1814இல் மன்றோ உத்தரவு போட்டார். மீட் அம்மையார் அதற்கேற்ப ஒரு சட்டையைத் தைத்துப் பழக்கினார். பள்ளிப் பெண்பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு சந்தைப் பாதையில் நடந்தபோது எதிர்ப்பு வெடித்தது. 1822 முதல் 1859 வரை விட்டு விட்டுத் தோள்சீலைக் கலகம் நடந்தது. பெண்களின் மேலாடையைப் பிடுங்கிக் கிழித்தார்கள். பள்ளிகளும் தேவாலயங்களும் எரிந்தன. 1859 ஜூலை 26ஆம் தேதி வந்த அரச அறிவிப்பில்தான் நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமை கிடைத்தது, அதுவும் உயர்சாதியார் உடுத்துகிற பாணியில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. உலகத்துக்கே உடுப்புத் தைத்து அனுப்புகிற ஊரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஓவர்லாக் மிஷின் முன்னால் உட்காரும் தென்மாவட்டப் பெண்களில் பலருடைய பாட்டியின் பாட்டி, தைத்த சட்டை ஒன்றைப் போட்டதற்காக அடி வாங்கியவளாக இருக்கலாம்.

மார்த்தா கொண்டுவந்தது முழுக்க நல்லதுதானா என்றும் கேட்க வேண்டும். லேஸ் பள்ளி என்பது இங்கிலாந்தில் ஏற்கெனவே இருந்த ஏற்பாடு. பெட்ஃபர்ட்ஷயர், பக்கிங்ஹாம்ஷயர், டெவன் கிராமங்களில் ஏழைப் பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே திண்டின் முன் உட்கார வைத்தார்கள். பெயர் பள்ளி. எழுத்து கொஞ்சம், வேலை நிறைய. 1809இல் ஜான் ஹீத்கோட் கண்டுபிடித்த வலைப்பின்னல் எந்திரம் அந்தக் கைத்தொழிலின் அடிமடியில் கைவைத்தது. 1816இல் லஃபரோவிலிருந்த அவருடைய ஆலைக்குள் லட்டைட்டுகள் என்ற எந்திர எதிர்ப்பாளர்கள் புகுந்து எந்திரங்களை உடைத்தார்கள். அங்கே கைலேஸ் தேயத் தொடங்கிய நேரத்தில்தான் இங்கே நாகர்கோவிலில் அது துளிர்த்தது. கூலி குறைவான விரல்களைத் தேடித் துணித்தொழில் ஊர் ஊராக நடக்கும் என்பது திருப்பூர்க்காரர்களுக்குப் புதிய செய்தி அல்ல. 1970களின் இறுதியில் இத்தாலியிலிருந்து பையர் வந்து இறங்கியதும் அந்தக் கணக்கில்தான்.

ஆகவே இது பள்ளிக்கூடமா, பட்டறையா என்ற கேள்வி முதல் நாளிலிருந்தே உண்டு. நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டத்தைப் பற்றி 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை உலகெங்கும் பேசப்பட்டது. மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. படிப்பும் தருகிறோம் என்று சில இடங்களில் சொன்னார்கள். என் அளவில் இதைப் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு வழிதான் தெரிகிறது. அந்தப் பெண் வாசலைத் தாண்டி வெளியே வரும்போது அவளிடம் என்ன இருக்கிறது? நாகர்கோவிலில் படித்து முடித்த பெண்கள் கிராமப் பள்ளிகளில் ஆசிரியைகள் ஆனார்கள். தங்கள் கிராமத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து மணலில் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று வருடம் முடித்துப் பணத்தோடு வெளியே வந்த எத்தனை பெண்களால் தங்கள் சம்பளச் சீட்டைப் படித்துப் பிடித்தம் எவ்வளவு என்று கேட்க முடிந்தது?

இன்னொரு செய்தியும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மார்த்தா வந்தது இங்கிலாந்திலிருந்து. ஆனால் அவர் முதலில் சொல்லிக் கொடுத்தது ஆங்கிலம் அல்ல, தமிழ். அதற்கு முன் அவரே தமிழ் கற்றாக வேண்டியிருந்தது. ஆசிரியை முதலில் மாணவியாக இருந்தார். 1854 வாக்கில் நாகர்கோவிலை விட்டுக் கிளம்பியபோது 35 வருடம் ஆகியிருந்தது. அவர் மகள் எலைசா 1822இல் நாகர்கோவிலில் பிறந்தவர். தமிழ் கேட்டுத் தமிழ் பேசி வளர்ந்த பெண். 1844இல் அவரை மணந்தவர் ராபர்ட் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் என்றால் கால்டுவெல் பெயர் உடனே நினைவுக்கு வருகிறது. மெரினாவில் அவருக்குச் சிலையும் இருக்கிறது. அந்த வீட்டில் தெருத் தமிழைத் தாய்மொழி போலப் பேசியவர் எலைசா என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கணவரோடு அவர் போய்ச் சேர்ந்த இடம் இடையன்குடி. அங்கேயும் பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி, அங்கேயும் மடியில் திண்டு, விரலில் லேஸ். திசையன்விளையிலிருந்து இடையன்குடி பக்கம்தான். லேபிள் ஒட்டிய நோட்டுக்காரி அந்த மண்ணிலிருந்துதான் திருப்பூருக்கு பஸ் ஏறியிருக்கிறாள்.

இதே காலத்தில் பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் அந்த வழக்கத்துக்கு இன்னொரு பிறப்பு. அமெரிக்க மிஷனரிகளை யாழ்ப்பாணத்தில் இருந்துகொள்ளுங்கள் என்று பிரிட்டிஷ் அரசு 1816இல் அனுப்பி வைத்தது. கனெக்டிகட் மாநிலத்தின் நார்விச்சிலிருந்து வந்த ஹாரியட் வின்ஸ்லோ 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். அந்த மிஷனில் ஒரு கதை வழங்கி வருகிறது. வேடிக்கை பார்க்க வந்த இரண்டு சிறுமிகள் மழையில் மாட்டிக்கொண்டார்கள். இருட்டிவிட்டது, பசி. வெள்ளைக்காரர் வீட்டுச் சாப்பாட்டை ஒருத்தி தின்றாள், ஒருத்தி தொடவில்லை. தின்றவளைப் பெற்றவர்கள், இனி இவள் எங்களுக்கு ஆகாது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்களாம். ஒரு வாய்ச் சோறு ஒரு பிள்ளையின் சாதியைக் கெடுத்து எழுத்தைக் கொடுத்தது. அங்கே படித்து முடித்து, மிஷன் ஒப்புக்கொண்ட மாப்பிள்ளையை மணந்தால் சிறு சீதனமும் கொடுத்தார்கள். கல்யாணச் செலவைக் காட்டிப் பெண்ணைத் தங்க வைக்கும் யோசனை சுமங்கலித் திட்டத்துக்கு நூற்றெழுபது வருடம் முந்தியது என்று அறிந்தபோது கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உடுவிலை நினைத்தால் எனக்கு எலைசா ஆக்னியூதான் முன்னால் வந்து நிற்கிறார். நியூயார்க்கில் பிறந்தவர். எட்டு வயதில் பூகோள வகுப்பில் டீச்சர் உலகப் படத்தில் சிலோனைச் சுட்டிக் காட்டியபோது, நான் அங்கே போவேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்ட பிள்ளை. பெற்றோரை விட்டுவிட்டுக் கிளம்பவில்லை. அவர்கள் காலம் முடியும்வரை காத்திருந்து, 1840இல், 32 வயதில், மணமாகாத பெண்ணாகத் தனியே வந்து யாழ்ப்பாணத்தில் இறங்கினார். 1879 வரை உடுவிலில் வேலை பார்த்தார். ஒருமுறைகூட ஊருக்குப் போய் வரவில்லை. பள்ளியில் படித்த பெண்ணின் மகளும் வந்தாள், சில வீடுகளில் பேத்தியும் வந்தாள். மூன்று தலைமுறைக்கும் ஒரே டீச்சர். ஆயிரம் மகள்களின் தாய் என்று அவரைச் சொன்னார்கள். 1883இல் மானிப்பாயில் காலமானார்.

இவர்கள் எல்லோரும் மதம் பரப்ப வந்தவர்கள். அதை மறைத்து எழுதக் கூடாது. வேண்டாத மதத்தைத் தலையில் கட்டுவதும், பிள்ளைக்குக் காசு அனுப்பியவர் பெயரையே பிள்ளைக்கு வைப்பதும் யாழ்ப்பாணத்தில் நடந்தன. அந்தத் தவறுகளை அந்தந்த ஊர்க்காரர்களே எழுதியும் இருக்கிறார்கள். ஆனாலும் தங்கினார்கள். மொழி கற்றார்கள். பிள்ளையின் வீட்டுக் கணக்கு என்ன என்று தெரிந்துகொண்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் மதத்தை விட்டுவிட்டுத் தொண்டு மட்டும் வந்தது. பிரிட்டனில் 1958இல் விஎஸ்ஓ, அமெரிக்காவில் 1961இல் பீஸ் கோர். ஒன்று இரண்டு வருடம் தங்குவது வழக்கமாயிற்று. இன்று விடுமுறையில் சில வாரம், கட்டணம் கட்டி வருகிற தொண்டாகவும் அது சுருங்கியிருக்கிறது. ஆறு வாரம் வந்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். லேபிளைப் பாடமாக்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது. ஆனால் அவர் போன மறுநாள் இரவு கூடத்தில் பாயை விரித்துப் பதினான்கு பெண்கள் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள் என்று வார்டன் அம்மா சொன்னபோது நெஞ்சு அடைத்தது. “சொன்னமுங்க, இனி வரமாட்டாங்கன்னு. இருந்தாலும் ஒக்காந்துட்டே இருந்தாங்க” என்றார்.

இந்தப் பெண்களுக்கு ஆங்கிலம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. செக்கிங்கில் நிற்க ஆங்கிலம் வேண்டாம்தான். மெர்ச்சண்டைசர் ஆக வேண்டுமென்றால் பையருக்கு மெயில் போடத் தெரிய வேண்டும், அது ஒரு காரணம். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் ஆடிட் நாள். பையர் அனுப்பும் ஆடிட்டர் கம்பெனிக்குள் வந்து பெண்களைத் தனியே அழைத்து, எத்தனை மணி நேரம் வேலை, ஓ.டி.க்கு எவ்வளவு தருகிறார்கள், கழிப்பறைக்குப் போக விடுகிறார்களா என்று கேட்பார். கேள்வி ஆங்கிலத்தில் புறப்படும். இடையில் ஒருவர் அதைத் தமிழாக்குவார். பதில் தமிழில் போகும், ஆங்கிலமாகி ஆடிட்டர் தாளில் இறங்கும். தாளில் இறங்கியது தான் சொன்னதுதானா என்று சொன்னவளுக்குத் தெரியாது. “ட்வெல்வ் அவர்ஸ்” என்று இரண்டு சொல்லை அவளே சொல்லத் தெரிந்தால் போதும், நடுவில் யாரும் அதை எட்டாக்க முடியாது. நாகர்கோவில் பிள்ளை லேஸ் கூலியால் தன்னை மீட்டாள். இவளுக்கு அந்த இரண்டு சொல் அப்படி.

அதற்காக, ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க வெளிநாட்டிலிருந்துதான் ஆள் வர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வருகிறவர் வரட்டும், நன்றியோடு பாய் விரிப்போம். ஆனால் திருப்பூரில் கல்லூரி முடித்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவிநாசி ரோட்டிலும் பல்லடம் ரோட்டிலும் அலுவலகங்களில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் மெயில் போடுகிறவர்கள். வாரத்தில் ஓர் இரவு அந்தக் கூடத்துக்கு வர அவர்கள் கடல் கடக்க வேண்டாம், ஷேர் ஆட்டோ போதும். இதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதுவரை இரண்டு பேர் வந்திருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனபோது கூடத்தில் ஏற்கெனவே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. திசையன்விளைப் பெண்தான் நடத்திக்கொண்டிருந்தாள். எதிரே ஒடிசாவிலிருந்து வந்த மூன்று பெண்கள். அவர்களுக்குத் தமிழ் அரைகுறை, இவளுக்கு ஒடியா சுத்தமாகத் தெரியாது. நடுவில் ரிஜெக்ட் ஆன ஒரு டீ ஷர்ட், அதன் பக்கத் தையலில் லேபிள். இவள் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசிக்க, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அவளுடைய நோட்டில் ஆங்கிலம், தமிழ் என்று இருந்த இரண்டு பத்திக்குப் பக்கத்தில் இப்போது மூன்றாவதாக ஒரு பத்தி. வட்ட வட்டமான ஒடியா எழுத்தில் அந்தப் பெண்களில் ஒருத்தி எழுதியது. டம்பிள் டிரைக்கு எதிரே இருந்த கேள்விக்குறியை நான்தான் அழித்து விளக்கினேன். “மெஷின்லயா காயப் போடுதாவ?” என்று கேட்டு அவள் நெடுநேரம் சிரித்தாள். பிறகு டீ ஷர்ட்டை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, வார்டன் அம்மா சேர்த்து வைத்திருந்த பையில் கைவிட்டு, அடுத்த லேபிளைத் தேட ஆரம்பித்தாள்.